கிளிப் கடித்த தடம்

லென்ஸைப் பார்த்ததும், யாரோ இதற்கு டிக்கெட் பஞ்ச் அடித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மேல் விளிம்பில், அடுத்தடுத்து, ஊசிமுனை அளவுக்கு இரண்டு பள்ளங்கள். பத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், இது எந்த ஸ்டாப்ல ஏறிச்சாம்?" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் இரண்டு முறை. அதில் ஒன்று என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தபோது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். எரியாத குடோனை எரிந்துபோனதாக எழுதித் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்று வெளியே வந்துவிட்டார். இப்போது பேட்டரிக் கடைக்கு மேலே ஒரு அறை, மூன்று நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி, அப்புறம் நான். எங்கள் துப்பறியும் நிறுவனம் இவ்வளவுதான்.

மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணும் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வயது இருக்கும். கூந்தலை இழுத்துக் கட்டியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எங்க அண்ணனோட கூலிங் கிளாஸ் மேடம் இது. அண்ணன் கூரியர் வேன் ஓட்டினாரு. ஆறு வாரத்துக்கு முன்னாடி, காலைல, நேர் எதிர் வெயில்ல போய்ட்டு இருந்தப்ப இடது பக்கம் திடீர்னு வெள்ளையாயிடுச்சாம். பாலை ஊத்தின மாதிரி. பதறிப் போய்க் கழட்டியிருக்காரு. அவ்வளவு நேரம் நிழல்ல இருந்த கண்ணு, ஒரேயடியா கூசிப் போச்சு. அதுக்குள்ள பாலத்துச் சுவர் வந்துடுச்சு." மடியிலிருந்த பையை இறுகப் பிடித்தாள். "இடது காலு முட்டிக்குக் கீழ இப்ப இல்ல மேடம்."

நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மேடம் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தார். உண்மையில் அது ஒரு லென்ஸ் அல்ல. இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே வெயிலின் கூச்சத்தை வடிகட்டும் ஒரு ஃபிலிம், மூன்றையும் ஒட்டி ஒன்றாக்கியிருந்தார்கள். ரொட்டிக்கு நடுவே ஜாம் தடவியது போல. அந்தப் பள்ளங்கள் இருந்த இடத்திலிருந்து தகடுகள் வாய் பிளந்து, பாதி லென்ஸ் வரை புகை படர்ந்தாற்போல் வெளுத்திருந்தது.

"இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கல மேடம். இதைச் செய்யற பட்டறைலதான் நான் செக்கிங் வேலை பார்க்கறேன். இருக்கறதுலயே உசத்தியான லென்ஸா பார்த்து, என் கையால எடுத்துக் கொடுத்தேன். லென்ஸைச் சுத்தி ஓரத்துல சீல் போடணும், அப்பதான் ஈரம் உள்ள போகாது, தகடு பிரியாது. அதைப் போடறவ ஒருத்திதான். அவ போடாம விட்டிருக்கா."

"எப்படித் தெரியும்?"

"வேற எப்படிப் பிரியும்?" அவள் குரல் ஏறியது. "அவளுக்கும் எங்க அண்ணனுக்கும் கல்யாணம் பேசி முடிச்சிருந்தோம் மேடம். அண்ணின்னு வாய் நிறைய கூப்பிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 'சீல் போடாம விட்டது நான்தான்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும், இல்லாட்டி போலீஸ்னு முதலாளி சொல்லிட்டாரு. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா, போட மாட்டேங்கறா. நீங்க நிரூபிச்சுக் கொடுங்க. அவ முகத்துக்கு நேரா வெச்சு நிரூபிங்க."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால்.

"வலது லென்ஸ்?"

அவள் பையிலிருந்து ஃபிரேமை எடுத்து வைத்தாள். வலது லென்ஸ் அதிலேயே இருந்தது. மேடம் அதையும் கழற்றி, இரண்டையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டார். வலது லென்ஸின் மேல் விளிம்பிலும் அதே இரண்டு புள்ளிகள். நானும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

பட்டறை ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. உள்ளே நுழைந்ததுமே தலைக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள்; என் தலையில் உதிர என்ன இருக்கிறது என்று கேட்டேன், அவர்களே மாட்டிவிட்டார்கள். விளிம்பு தேய்க்கும் இயந்திரங்கள் தண்ணீரைப் பீய்ச்சியபடி கீச்சிட்டுக்கொண்டிருந்தன. எல்லா மேஜையிலும் தட்டுகள். ஒரு தட்டுக்கு முப்பது லென்ஸ். எல்லாம் ஒரே அச்சு, ஒரே வடிவம்.

"ஒரே மாடல்தான் செய்யறோம்," என்றார் முதலாளி. சலவை கலையாத சட்டை, சலவை கலையாத முகம். "டிரைவர்களுக்குன்னு. பவர் கிடையாது, யார் வேணா மாட்டிக்கலாம். இந்தக் கேஸ்ல துப்பறிய என்னங்க இருக்கு? சீல் போடல, பிரிஞ்சு போச்சு. கூரியர் கம்பெனிக்காரன் தினம் போன் போட்டு என் உயிரை எடுக்கறான். அவனுக்கு நான் ஒரு பேரைச் சொல்லியாகணும்."

"சரியான பேரையா, ஏதோ ஒரு பேரையா?" என்றேன்.

"இவர் யாரு?" என்று மேடத்திடம் கேட்டார்.

"என் அசிஸ்டன்ட். கொஞ்சம் சத்தம் போடுவார், கடிக்க மாட்டார்," என்றார் மேடம்.

சீல் போடும் அறையில் அவள் தனியாக இருந்தாள். முப்பது வயதை நெருங்கிய பெண். அன்றைக்கு மாலை போலீசா, கையெழுத்தா என்று தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது. அவள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு சிறிய சுழலியில் லென்ஸைப் பொருத்தி, நாலே நாலு மயிர் உள்ள பிரஷால் அதன் ஓரத்தில் பசையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். லென்ஸ் மெதுவாகச் சுற்றியது. பிரஷ் அசையவில்லை. சுற்று முடிந்ததும் லென்ஸை பசையை இறுக்கும் ஊதா விளக்கின் அடியில் வைத்துவிட்டுத்தான் எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்திரிக்கலேன்னு நினைக்காதீங்க. நடுவுல நிறுத்தினா சீல் திட்டு விழும்."

மேடம் உறையைக் கொடுத்தார். அவள் இடது லென்ஸை எடுத்தபோது விரல் ஒரு கணம் தயங்கியது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"இதுல சீல் இருக்கு மேடம். நான் மூக்குப் பக்கம் ஆரம்பிப்பேன். ஒரு சுத்து முடிஞ்சதும், ஆரம்பிச்ச இடத்தைத் தாண்டி அரை விரல் அளவு மேல ஏத்திதான் நிறுத்துவேன். அந்த இடம் துளி தடிப்பா இருக்கும். நகத்தால தடவிப் பாருங்க."

மேடம் தடவினார். நானும் தடவினேன். மெல்லிசாகத் தட்டுப்பட்டது.

"முதலாளிகிட்ட இதைச் சொல்லலையா?"

"சொன்னேன். உன் தடிப்பை நீயே தடவிக்கோன்னாரு."

வாசலில் நின்ற முதலாளி தொண்டையைச் செருமினார்.

"சீல் இருக்குன்னா ஏன் பிரிஞ்சுது?" என்றார் மேடம்.

இந்தக் கேள்வியை ஆறு வாரமாக யாரும் அவளிடம் கேட்கவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. லென்ஸை விளக்கின் அடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்ல சீல் தண்ணி மாதிரி பளிச்னு இருக்கும். இது மங்கியிருக்கு. இது வெந்நீர்ல கிடந்திருக்கு மேடம். ரொம்ப நேரம் கிடந்திருக்கு. அப்ப ஒண்ணும் தெரியாது, புதுசு மாதிரியேதான் இருக்கும். ஆனா சீல் உள்ளுக்குள்ள தளர்ந்திருக்கும். அப்புறம் வேன் டேஷ்போர்டுல நாலு வாரம் வெயில்ல கிடந்தா வாயைப் பொளந்துடும்."

"ஆங்!" என்று உள்ளே பாய்ந்தார் முதலாளி. "அப்படின்னா டிரைவர்தான் வெந்நீர்ல போட்டுக் கழுவியிருக்கான். நம்ம பட்டறை மேல தப்பே இல்ல!"

"அப்ப நான் கையெழுத்துப் போட வேண்டியதில்லையா சார்?" என்றாள் அவள்.

முதலாளி யோசித்தார். "அதுவும் இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்."

என் கை தானாக மடங்கியது. மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டி வந்தார். வராந்தாவில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டார். கண்ணாடியை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டார். மறுமுனையில் ஒரு வறண்ட சிரிப்பு எனக்கே கேட்டது. "கழுவறதா? சட்டை நுனியால துடைப்பேன். அதுவும் ஞாபகம் வந்தாத்தான்."

"இந்தப் பட்டறைல வெந்நீர் எங்க இருக்கு?" என்று மேடம் முதலாளியைக் கேட்டார்.

செக்கிங் மேஜை கடைசியில் இருந்தது. நாற்காலி காலி. அதில் உட்கார வேண்டியவள் எங்கள் கட்சிக்காரி; விபத்து நடந்த நாளிலிருந்து லீவில் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறாள். மேஜை மேல் மூடி போட்ட எவர்சில்வர் தொட்டி, பக்கத்தில் வெப்பம் காட்டும் முள்.

"தட்டுக்கு ஒரு லென்ஸை எடுத்து ரெண்டு மணி நேரம் வெந்நீர்ல தொங்க விடுவோம். பிரியலேன்னா அந்தத் தட்டு பாஸ்," என்றார் முதலாளி.

"பாஸான லென்ஸை?"

"குறுக்க பெருக்கல் குறி கீறி, இந்தச் சிவப்பு டப்பாவுல போட்டுடணும். அது ரூல்."

"ஏன்?"

"ஏன்னா? ரூல்னா ரூல். ஏன் எதுக்குன்னு இவங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தா வேலை நடக்குமா?"

மேடம் அண்ணனின் கண்ணாடி வந்த மாதத்து டப்பாவை வாங்கி மேஜையில் கவிழ்த்தார். கீறல் விழுந்த லென்ஸ்களை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். சுவரில் தொங்கிய தட்டுப் பதிவைப் பார்த்தார். அப்புறம் தொட்டியின் மூடியைத் திறந்தார். விளிம்பைச் சுற்றி, லென்ஸைக் கவ்வித் தொங்கவிடும் சின்னச் சின்ன ஸ்பிரிங் கிளிப்புகள். ஒன்றைக் கழற்றித் தன் கட்டை விரலில் கடிக்கவிட்டார். எடுத்துவிட்டு விரலை என் பக்கம் நீட்டினார்.

அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள்.

"மேடம்," என்றேன். "பஞ்ச்! ஒவ்வொரு டிப்போவுக்கும் ஒரு மாதிரி ஓட்டை விழும். ஓட்டையைப் பார்த்தே எந்த பஸ்னு செக்கர் சொல்லிடுவான். அப்படின்னா அந்த லென்ஸ் இந்தத் தொட்டியில..."

"சத்தம் குறைங்க கண்டக்டர்," என்று கிளிப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது என் மூளை எட்டு ஊருக்கு ஓடியது. தொட்டிக்குப் பொறுப்பு தங்கைக்காரி. கெட்டுப்போன லென்ஸை எடுத்துக் கொடுத்தவள் அவள். பழியைப் போட்டது அண்ணியாக வரப்போகிறவள் மேல்.

"பொறாமை மேடம். அண்ணன் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா இவ தனியா நிக்கணும். கல்யாணத்தைக் கலைக்க இதைவிட வசதியான வழி உண்டா? நம்மகிட்டயே கேஸ் கொடுக்க வந்த தைரியத்தைப் பாருங்க!"

"கொன்னுட்டுக் கொலைகாரனைக் கண்டுபிடிங்கன்னு வர்றவங்க கதைல வருவாங்க. நிஜத்துல ஒளிஞ்சுக்குவாங்க," என்றார் மேடம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு, சீல் போடுகிறவள் அஞ்சு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டிய அந்தக் காகிதம்தான் கண்ணுக்குள் நின்றது. நானும் ஒருநாள் மாலை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன். தொலைந்த டிக்கெட் கட்டு என் கையிலிருந்து தொலைந்ததல்ல. ஆனால் 'போட்டுட்டுப் போய்யா, விவகாரம் முடியட்டும்' என்றார்கள்; போட்டேன். விவகாரம் முடிந்தது, வேலையும் முடிந்தது. அந்தப் பிரஷ் பிடித்த கை அப்படி ஒரு கையெழுத்தைப் போடக் கூடாது.

அவர்கள் வீடு முதல் மாடியில், இரண்டே அறை. அண்ணன் கம்புகளை அக்குளில் வைத்து அறைக்கு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பழகிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"போட்டாளா கையெழுத்து?"

"இன்னும் இல்ல," என்றார் மேடம்.

"அவளுக்காக நான் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்து வெச்சிருந்தேன் மேடம். எனக்காக ஒரு ஓரத்தைப் பூச அவளுக்குக் கை வரல." சொல்லிவிட்டுத் திரும்பவும் நடக்க ஆரம்பித்தார். கம்புகள் தரையில் தட்டும் சத்தம் பேச்சை விடக் கொடுமையாக இருந்தது.

மேடம் தங்கையைச் சமையலறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். நான் கதவில் சாய்ந்து நின்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு லென்ஸ்களையும் வைத்து, அவற்றின் நடுவே கிளிப்பை வைத்தார். அவள் கிளிப்பைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உசத்தியான லென்ஸ்னு சொன்னியேம்மா. அது உசத்தின்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வந்த பதிலில் பொறாமை இல்லை, சூது இல்லை. நான் பஸ்ஸில் அளந்ததெல்லாம் குப்பை.

"பாஸ் ஆனது மேடம் அது. ரெண்டு மணி நேரம் வெந்நீர்ல கிடந்து ஒண்ணுமே ஆகல. தட்டுல இருக்கற மத்த இருபத்தொன்பதும் பரீட்சையே எழுதல. இது எழுதி ஜெயிச்சது. ஜெயிச்சதைப் போய்க் குறுக்கே கீறி டப்பாவுல போடச் சொல்றாங்களேன்னு மனசு கேக்காது. அண்ணன் நாள் முழுக்க ரோட்டுல இருக்கறவரு. அவருக்கு இதைவிடக் கெட்டியானது கிடைக்குமான்னு கீறாம எடுத்து வெச்சேன்."

"அதை ஏன் கீறணும்னு யாரும் உனக்குச் சொல்லலையா?"

"திருட்டுத்தனமா வெளிய போயிடக் கூடாதுன்னு நினைச்சேன்."

"ரெண்டு மணி நேரத்துல அதோட தெம்பெல்லாம் அங்கேயே தீர்ந்து போயிடும்மா. தட்டுக்காக அது செத்துடுது. அதனாலதான் கீறச் சொல்றாங்க. இதோ, இது கிளிப் கடிச்ச தடம். அந்த இடத்துலதான் முதல்ல வாயைத் திறந்திருக்கு."

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெளியே கம்பு தட்டும் சத்தம் வந்து, திரும்பி, போயிற்று.

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க மேடம்," என்றாள் மிக மெதுவாக. "அவருக்கு என்னை விட்டா யாரும் இல்ல. என்னைப் பார்க்கறப்பல்லாம் அவருக்குக் காலு ஞாபகம் வரும். அண்ணி... அவ கெட்டிக்காரி. வேற பட்டறைல உடனே எடுத்துக்குவாங்க. ஒரு கையெழுத்துதானே?"

"ஒரு கையெழுத்துதான்," என்றேன் நான். அதற்கு மேல் பேசினால் கத்திவிடுவேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

மேடம் அவளைத் திட்டவில்லை. "அந்த மாசத்துல டெஸ்ட் பண்ணினது இருபத்தாறு தட்டு. டப்பாவுல இருபத்திரண்டுதான் இருக்கு. நாலு குறையுது. ரெண்டு இங்க இருக்கு," என்றார். "மத்த ரெண்டு?"

அவள் கிளிப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மத்த ரெண்டு எங்கம்மா?"

"அண்ணனோட கூட்டாளிக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் கொடுத்தேன். அவரு..." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. "ஸ்கூல் வேன் ஓட்டறாரு."

ஸ்கூல் நாலு மணிக்கு விடும். ஜன்னல் வழியாக மாலை வெயில் சமையலறைச் சுவரில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வேன் இப்போது எதிர் வெயிலில்தான் போய்க்கொண்டிருக்கும் என்று எங்கள் மூவருக்குமே அந்த நொடியில் தெரிந்தது.

"நம்பர்?"

"அண்ணன் போன்லதான் இருக்கு."

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி நம்பரை வாங்கிவிடலாம். நானே கைவசம் மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என்னைத் தள்ளிக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

"அண்ணா, உன் கூட்டாளிக்குப் போன் போடு. கண்ணாடியைக் கழட்டச் சொல்லு. உடனே."

"எதுக்கு?"

"அதுவும் பிரிஞ்சுடும். டெஸ்ட் பண்ணின லென்ஸ் அது. உனக்குக் கொடுத்ததும் அதேதான். கெட்டின்னு நினைச்சு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணி சீல் போட்டிருந்தா. நான்தான் அண்ணா. போன் போடு!"

அவர் அவளைப் பார்த்தபடியே போனை எடுத்தார். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் ஓய்ந்தது. மூன்றாம் தடவை கூட்டாளி எடுத்தான். பின்னணியில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"டேய், வண்டியை ஓரம் கட்டு. காரணம் கேக்காதே, ஓரம் கட்டு. கட்டிட்டியா? கண்ணாடியை மெதுவா கழட்டு. ஆங். மேல் ஓரத்துல பாரு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஆமா மச்சான், நாலு நாளா வானவில் மாதிரி கலர் கலரா தெரியுது. பார்க்க அழகா இருக்குன்னு விட்டுட்டேன். ஏன்?"

"உடைச்சுத் தூரப் போடு," என்று சொல்லி அண்ணன் போனை வைத்தார். கம்புகளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். தங்கை இரண்டடி தள்ளி நின்றாள். அவர் அவளைத் திட்டுவார், அடிப்பார் என்றெல்லாம் நினைத்தேன்.

"அவ ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை வந்தா, இல்ல?" என்றார்.

"ஆமா."

"நான் உள்ள விடாதேன்னேன். நீ கதவைச் சாத்தினே."

"ஆமா அண்ணா."

"அவ மேல தப்பு இல்லேன்னு அவ சொல்ல வந்திருப்பா." தன் இடது காலைப் பார்த்தார். "போ. அஞ்சு மணிக்குள்ள போ."

நாலு ஐம்பதுக்குப் பட்டறையை அடைந்தோம். முதலாளி டைப் அடித்த தாளோடு சீல் அறையில் நின்றுகொண்டிருந்தார். கீழே கோடு காலியாக இருந்தது. அவள் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தங்கை வாசல்படியிலேயே நின்று சொன்னாள். மூச்சு வாங்கியது, ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. தொட்டி, கிளிப், கீறாமல் எடுத்து வைத்த நாலு லென்ஸ், ஸ்கூல் வேன் வரைக்கும் சொன்னாள். மேடம் கிளிப்பை மேஜையில் வைத்தார்.

முதலாளி ஒரு நிமிஷம்தான் விழித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதே தாளில் ஒரு பெயரை அடித்து, மேலே இன்னொரு பெயரை எழுதினார். 'சீல் போடாமல்' என்பதை அடித்து 'விதியை மீறி' என்று திருத்தினார். தாளை வீணாக்காத மனிதர்.

"இதுலயும் போலீஸ் உண்டா?" என்று கேட்டேன்.

"அதை அப்புறம் யோசிப்போம்."

"இன்னும் ஒரு வரி சேருங்க," என்றார் மேடம். "ஏன் கீறணும்னு இவங்ககிட்ட யாருமே சொன்னதில்லேன்னு. நான் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே எழுதுங்க. ரூல்னா ரூல். நீங்க எழுதலேன்னா கூரியர் கம்பெனிக்கு நான் எழுதறேன்."

"அதெல்லாம் எதுக்கு..."

"ஒரு மூச்சுல சொல்லியிருக்கலாம் சார். 'வெந்நீர்ல கிடந்தது கெட்டுப்போகும்'னு. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல." மேடத்தின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

முதலாளி எழுதினார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். தங்கை அதை வாங்கிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அதுவரை பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தவள் அதைத் துணியில் துடைத்தாள். முகத்தில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை. வெகு தூரம் நடந்து வந்தவளின் களைப்பு மட்டும் இருந்தது.

"அவருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள். "புதுசா ஒரு ஜோடி எடுத்து, ரெண்டு சுத்து போட்டுக் கொடுத்திருப்பேனே."

தங்கை பேனாவை மேஜையில் வைத்தாள். "அண்ணி" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவள் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது. அவள் எடுக்காமல் அப்படியே நீட்டினாள்.

"உங்ககிட்டதான் பேசணுமாம். வரும்போதே சொன்னாரு."

சீல் போடுகிறவள் போனைப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

"கையில பசை இருக்கு," என்றாள்.

கை துடைத்துக் காய்ந்திருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், பார்த்தேன். மேடமும் பார்த்தார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

போன் அடித்து ஓய்ந்தது. தட்டில் இன்னும் பதினொரு லென்ஸ் மீதி இருந்தன. அவள் ஒன்றை எடுத்துச் சுழலியில் பொருத்தினாள். பிரஷைப் பசையில் தொட்டு, மூக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.